அந்தச் சொல்லுக்குள் ஒன்றும் இல்லை

மகன்,

முந்தாநாள் உன் பயணத்துக்காக வைத்த மத்தியானச் சாப்பாட்டில், பாதிச் சோற்றில் நான் எழும்பிப் போனதை உன் மனைவி வீட்டார் எப்படி எடுத்துக்கொண்டார்களோ தெரியாது. எனக்குப் பிறஷர் என்று சொல்லி அம்மா சமாளித்துவிட்டாள். பிறஷர் இல்லை. உன் மைத்துனனின் சின்ன மகள் பாயசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டபோது நீ சிரித்துக்கொண்டே, "இவட அட்ராசிட்டி தாங்க ஏலாது" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். படங்களில் வந்து இப்போது எல்லாப் பிள்ளைகள் வாயிலும் இருக்கிற சொல்தான். உன்னில் பிழை இல்லை. ஆனால் அடுத்த நிமிஷமே நீ உன் மாமாவிடம் திரும்பி, போகிற நாட்டில் உனக்குக் கிடைத்திருக்கிற வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாய். அகதி விண்ணப்பம் போட்ட நம் சனங்களின் விசாரணைகளில் தமிழை ஆங்கிலமாக்கிச் சொல்லும் வேலை. "லேசான வேலை மாமா, அவங்க சொல்லுறதச் சொன்னாச் சரி" என்றாய். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து ஓர் இடத்தில் இருக்க முடியாமல் திரிகிறேன். வாவிக்கரை ரோட்டில் பாலம் வரைக்கும் நடக்கிறேன், திரும்பி வருகிறேன், கடதாசியை எடுக்கிறேன், நாலு வரி எழுதிக் கிழிக்கிறேன். "என்னத்தத் துலைச்சிட்டுத் தேடுறீங்க?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டாள். உன்னை எதிரே இருத்திச் சொல்லலாம் என்றால், நீ ஒரு கேள்வி கேட்டதும் நான் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நீ ஏறிவிடுவாய். அதற்குள் முடித்தாக வேண்டும். உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டுத் தந்திருக்கலாம். இதே வேலைக்குப் போகிற வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். அதனால் இதில் வரும் இரண்டு பெண்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ பத்தாம் ஆண்டு படித்தபோது, ஒரு நாள் நான் கந்தோர் வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக உன்னைக் கூப்பிட்டு ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லித்தந்தேன். நினைவு இருக்கிறதா? அட்ரோசிட்டி. உன் கொப்பியில் எழுத்துக்கூட்டி எழுத வைத்தேன். கொடுமை என்று சாதாரணமாகச் சொல்லுகிறதைவிட மேலான கொடுமை, மனுசன் மனுசனுக்குச் செய்யக்கூடாதது, அட்டூழியம், கொடூரம் என்று பொருள் சொன்னேன். 'செய்தார்கள்' என்பதற்கு அந்தச் சொல்லோடு எந்த வினை வர வேண்டும், ஒருமையில் எப்படி, பன்மையில் எப்படி என்றெல்லாம் விளக்கினேன். பத்திரிகைகளில் பெரும்பாலும் பன்மையில்தான் வரும் என்றேன். நீ அடுத்த மாதமே அதை ஒரு கட்டுரையில் போட்டு, டீச்சரிடம் பாராட்டு வாங்கி வந்தாய். அப்பாவும் மகனும் அதைப் பெரிதாகக் கொண்டாடினோம். அன்றைக்கு நான் அந்தச் சொல்லோடு ஏன் வீட்டுக்கு வந்தேன் என்பதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை.

சண்டை முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு, காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு விசாரணைக் குழு எங்கள் பக்கம் வந்தது. மூன்று நாள் ஒரு மண்டபத்தில் இருந்தார்கள். அவர்களோடு வர வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். கந்தோரில் ஆங்கிலம் தெரிந்த ஆள் என்று என்னைப் பிடித்து இருத்திவிட்டார்கள். தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பழக்கம் இல்லை, பயிற்சி இல்லை. ஆனால் எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இத்தனை வருஷம் கடிதத் தலைப்புகளும் சுற்றறிக்கைகளும் எழுதித் தேய்ந்த ஆங்கிலம் ஒரு பெரிய மேசைக்கு முன்னால் வருகிறதே என்ற பெருமை. வெள்ளைச் சேர்ட்டை அம்மாவிடம் இரண்டாம் தரம் அயன் பண்ணச் சொன்னேன்.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குச் சற்று முன்னால் அவள் வந்தாள். நேசம்மா என்று வைத்துக்கொள். கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவிக்கு அந்தக் கரை. அப்போது ஐம்பதை நெருங்கியிருப்பாள். கையில் கணவனின் ஒரு சின்னப் படம், அடையாள அட்டைக்கு எடுத்தது. வெளியே இன்னும் நிறையப் பேர் வரிசையில் நின்றார்கள். குழுத் தலைவருக்குக் களைப்பு. நேசம்மா கதிரையின் நுனியில் இருந்து, எங்கள் யாரையும் பார்க்காமல், மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய வீடு வயல் வட்டைக் கரையில், ஊருக்குக் கடைசி வீடு. ஒரு நாள் விடியவே ஆயுதத்தோடு ஆட்கள் வந்தார்கள். அவள் கணவனை முற்றத்துப் பூவரசில், முகத்தை நிமிர்த்த முடியாதபடி கழுத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது, வந்தவர்களுடைய உழவு மெசின் சேற்றில் புதைந்துவிட்டது. அதை இழுக்கிற வரைக்கும் அவர்கள் அவளுடைய மாலுக்குள், முன்பக்கத்து ஓலைக் கொட்டிலுக்குள், இருந்தார்கள். தேத்தண்ணி போடச் சொன்னார்கள். குசினியிலிருந்து மாலுக்குப் போகிற வழியில்தான் அந்த மரம். கேத்திலைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடந்து போக வேண்டும், கடந்து வர வேண்டும். முதல் தரம் போகும்போதே அவன் மெல்லத் தண்ணி கேட்டான். அவள் நின்றாள். மாலில் இருந்த ஒருவன், அவள் இடுப்பில் இருந்த மூன்று வயதுப் பிள்ளையைக் காட்டி, "அவனுக்கு ஒரு சொட்டுக் குடுத்தா இதையும் கொண்டுபோய்க் கட்டுவன்" என்றான். அவள் நடந்தாள். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் ஒன்பது தரம் நடந்தாள். எட்டுத் தரம் அவன் கேட்டான். கடைசித் தரம் கேட்கவில்லை, பார்த்தான். பிறகு மெசின் கிளம்பியது. அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். இதைச் சொல்ல அவளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் சென்றது. எத்தனை கரண்டி சீனி கேட்டார்கள் என்பதையும் சொன்னாள்.

நான் குறிப்புகூட எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் தலைவர் பேனையால் மேசையைத் தட்டி, சுருக்கமாகச் சொல்லுங்கள், என்ன சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் தலைக்குள் கேத்திலும் பூவரசும் சீனியும் கிடந்தன. எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. அப்போது அந்தச் சொல் வந்தது, யாரோ எடுத்துத் தந்த மாதிரி. ஆயுததாரிகள் இவளுடைய கணவன் மீது அட்ரோசிட்டி புரிந்தார்கள், பிறகு கொண்டுபோனார்கள், இன்றுவரை தகவல் இல்லை. பன்மையில்தான் சொன்னேன். ஒரே வசனம். தலைவர் தலையாட்டினார், பக்கத்தில் இருந்தவர் தட்டச்சுச் செய்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அவள் எழும்பிப் போகும்போது என்னிடம் வந்து கேட்டாள். "சேர், எல்லாம் சொல்லிட்டீங்களா?"

"ஓம், சொல்லிட்டன்."

"அந்தப் பிள்ளையக் காட்டி வெருட்டினதையும்?"

"ஓம்."

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் பேசிய நேரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, படித்த மனுசன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருக்க வேண்டும், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் தலைவர் என்னைப் பார்த்து, உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, சொற்களைத் தேர்ந்து பாவிக்கிறீர்கள் என்றார். அதே மேசையில் இன்னொருவர், தாங்கள் வந்த ரோட்டைப் பற்றிச் சொல்லும்போது அதே சொல்லின் இன்னொரு வடிவத்தைச் சொன்னார். ரோடு அட்ரோஷஸாம். ஆங்கிலத்தில் அப்படியும் பாவிக்கலாம் மகன். மோசமான ரோட்டுக்கும் சொல்லலாம், உப்புக் கூடின கறிக்கும் சொல்லலாம். யாருக்கும் அது உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. எனக்குத் தலைவரின் பாராட்டுத்தான் காதில் நின்றது. அந்தப் பாராட்டோடுதான் அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டேன்.

பல வருஷம் போனது. நான் பென்ஷன் எடுத்தேன். போன வருஷம், காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு உதவுகிற சில பிள்ளைகள், அந்த நாள் பதிவுகளின் பிரதியை எடுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு நேசம்மா என்னைத் தேடி வந்தாள். நீ அப்போது கொழும்பில். முன்பைவிட மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு பொலித்தீன் பையிலிருந்து ஒற்றைக் கடதாசியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"சேர், இதுல நான் தண்ணி குடுக்காம விட்டதும், பிள்ளையக் காட்டி வெருட்டினதும் எங்க இரிக்கு? அந்த இடத்த மட்டும் காட்டுங்க. நான் பென்சிலால கோடு போட்டு வைக்கணும்."

ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். கணவனின் தங்கை, பரமேஸ்வரி, மூன்று வளவு தள்ளி இருக்கிறவள். அன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒளிந்து நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அண்ணன் மரத்தில் கட்டுண்டு நிற்கிறான், அண்ணன் பெண்சாதி அவனைத் திரும்பியும் பார்க்காமல், கட்டினவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிறாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து நேசம்மாவோடு பேச்சு இல்லை. செத்த வீட்டுக்கும் நல்ல காரியத்துக்கும் இல்லை. ஊரில் சிலரும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நேசம்மா உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். தப்புவதற்குக் கதை கட்டுகிறாய் என்றாள் பரமேஸ்வரி. அதனால்தான் நேசம்மா அன்றைக்கு மண்டபத்துக்கு வந்தாள். கணவன் திரும்பி வருவான் என்று நம்பி வரவில்லை. அரசாங்கக் கடதாசியில் அது ஏறிவிட்டால் மச்சாளுக்குக் காட்டலாம் என்று வந்தாள்.

நான் அந்தக் கடதாசியைப் பார்த்தேன். என்னுடைய ஒற்றை வசனம். மகன், அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, "இதுக்குள்ள எல்லாம் இரிக்கு. இது பெரிய சொல். நீங்க சொன்ன எல்லாத்தையும் சேத்துத்தான் இந்தச் சொல்" என்றேன். அவள் பென்சிலை வாங்கி அதன் கீழே கோடு போட்டாள். எழுத்துத் தெரியாத ஆங்கிலத்துக்குக் கீழே, அழுத்தமாக.

இரண்டு கிழமை கழித்து மறுபடி வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. பரமேஸ்வரி அந்தக் கடதாசியைப் பள்ளிக்கூடத்து இங்கிலீசு மாஸ்டரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். புருசனுக்குக் கொடுமை செய்தார்கள் என்று இருக்கிறது, பெண்சாதியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அரசாங்கக் கடதாசியைக் காட்டியும் பொய் சொல்கிறாள் என்று இப்போது ஊரெல்லாம் புதிதாக ஒரு கதை. நேசம்மா சத்தம் போடவில்லை. அழவுமில்லை.

"சேர், அந்தச் சொல்லுக்குள்ள ஒண்டும் இல்லையாம்" என்றாள்.

அவளை ஒரு சொல்லால் மண்டபத்தில் விழுங்கினேன், அதே சொல்லால் ஊருக்குள் பொய்க்காரியும் ஆக்கினேன். "நான் வாறன், நானே வந்து சொல்லுறன்" என்றேன். அவள், "என்னத்துக்கு சேர், விடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகும் நான் நான்கு நாள் போகவில்லை. போகாததற்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. கண் டொக்டர், மழை, யாரோ வீட்டு நாற்பத்தோராம் நாள் சடங்கு. ஐந்தாம் நாள் பஸ் ஏறி, பாலம் கடந்து போனேன்.

பரமேஸ்வரி வளவில் நெல் காயவிட்டு, காலால் துழாவிக்கொண்டு நின்றாள். நான் யார் என்று சொன்னதும் கதிரை கொண்டுவந்து போட்டாள், கந்தோர் ஆள் என்று. நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன், அன்றைக்கு அவளுடைய மச்சாள் எல்லாம் சொன்னாள், நான்தான் வெட்டினேன், பிறகு கேட்டபோது பொய்யும் சொன்னேன் என்று. நெல்லைத் துழாவிய கால் நின்றது.

"நீங்க ஏன் சேர் அப்பிடிச் செஞ்சீங்க? ஒங்களுக்கு எங்களத் தெரியாதே."

"சுருக்கமாச் சொல்லச் சொன்னாங்க. எனக்கும் அந்தச் சொல் பிடிச்சிருந்துது. நல்ல இங்கிலீசு எண்டு நினைச்சன்."

வேறு நல்ல காரணம் ஏதாவது இருக்கிறதா என்று வழியெல்லாம் தேடிப் பார்த்தேன் மகன். இருக்கவில்லை. அவள் நெல்லை விட்டுக் கிட்ட வந்தாள்.

"அவள் என்ன சொன்னவள்? ஒண்டும் விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். முதல் தரம், இரண்டாம் தரம், பிள்ளையைக் காட்டியது, சீனி, கடைசித் தரம் அவன் கேட்காமல் பார்த்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒன்றுகூட மறக்கவில்லை என்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. மண்டபத்தில் இவ்வளவும் என் தலைக்குள் இருந்திருக்கிறது. சொல்லியிருக்கலாம். முடிந்திருக்கும்.

"அண்ணன் தண்ணி கேட்டவரா?" என்றாள் பரமேஸ்வரி. குரல் மாறியிருந்தது. "எனக்குக் கேக்கல்ல சேர். வேலிக்கு இஞ்சால நிண்ட எனக்கு மழைச் சத்தம். அவள் போறதும் வாறதும்தான் தெரிஞ்சுது. நான் ஒளிச்சிட்டு நிண்டன். வெளியில வரப் பயம். நானும் குடுக்கல்லத்தானே."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் முற்றத்தில் நின்றேன். கோழிகள் நெல்லில் இறங்கின, அவற்றைக் கலைத்துக்கொண்டு நின்றேன். போய்விடலாமா என்று யோசித்தபோது அவள் வேறு சேலை உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்க்காமல் படலையைத் திறந்து நடந்தாள். மூன்று வளவு தூரம். நான் பின்னால் போனேன். நேசம்மாவின் படலையடியில் வந்து நின்றுவிட்டாள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை போல. பிறகு, "மச்சாள்" என்றாள்.

நேசம்மா குசினி வாசலில் இறால் உடைத்துக்கொண்டு இருந்தாள். நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். எழும்பவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த பலகையைக் காலால் தள்ளிவிட்டு, "வாகா, இரி" என்றாள். பரமேஸ்வரி போய் இருந்தாள். நான் என்ன எதிர்பார்த்தேனோ தெரியாது, மன்னிப்பாக ஒரு சொல்லாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. நேசம்மா என் பக்கம் திரும்பி, "சேர் நீங்க போங்க. இனி நாங்க பேசிக்கொள்ளுவம்" என்றாள். வந்துவிட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

இப்போது உனக்கு. அந்த வேலை லேசான வேலை இல்லை. அவர்கள் சொல்வதைச் சொல்வதுதான் வேலை, அதுதான் கடினம். உனக்கு முன்னால் இருந்து ஓர் ஆள் சீனியைப் பற்றிச் சொன்னால் நீயும் சீனியைச் சொல். அவர்கள் 'அவங்கள்' என்றால் நீயும் 'அவர்கள்' என்றே சொல், யார் என்று நீ ஊகித்துப் பெயர் போடாதே. பத்து நிமிஷம் பேசினால் பத்து நிமிஷம் பேசு. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் சுருக்கச் சொன்னால், இவர் சொன்னது இவ்வளவும்தான், என்னால் சுருக்க முடியாது என்று சொல். உன்னைப் பிடிக்காமல் போகும். வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். போகட்டும். தலைக்குள் எல்லாம் குழம்பிவிட்டால், மறுபடி ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கள் என்று கேள், வெட்கப்படாதே. யாராவது உன் ஆங்கிலத்தைப் பாராட்டினால் அன்றைக்கு என்ன விட்டுவிட்டாய் என்று யோசித்துப் பார்.

அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதிக்கப்பட்ட ஆள் தன் வாயால் அட்டூழியம் என்று சொன்னால் நீயும் சொல். அவர்கள் சொல்லாத இடத்தில் நீயாக அதைப் போட்டு மூடிவிடாதே. பாயசம் கொட்டின பிள்ளைக்கு வேறு சொல் நிறைய இருக்கிறது, குழப்படி என்று சொல்லிக்கொண்டுதான் உன்னை வளர்த்தோம்.

நான் செய்ததைச் சரிப்படுத்திவிட்டேன் என்று நினைத்து நீ விமானம் ஏறக்கூடாது என்பதற்காகக் கடைசியாக ஒன்று. அந்த மண்டபத்தில் மூன்று நாளும் சனம் வந்துகொண்டே இருந்தது. கதிரவெளியிலிருந்து வந்தவர்கள், ஓட்டமாவடியிலிருந்து வந்தவர்கள், பஸ்ஸுக்குக் கடன் மாறிக்கொண்டு வந்தவர்கள். எல்லாரும் சொன்னார்கள், நான் எல்லாரையும் ஆங்கிலமாக்கினேன். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அந்தச் சொல் எனக்கு வாய்க்குப் பழகிவிட்டது, எத்தனை தரம் சொன்னேன் என்று கணக்கில்லை. போகும்போது எல்லாரும் எல்லாம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார்கள், எல்லாருக்கும் ஓம் என்றேன். நேசம்மா ஒருத்திதான் திரும்பி வந்தாள். மற்றவர்கள் இன்னும் நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா